சிரமதானமும் சங்கிலி ரம்பமும்

சென்ற மாதம் வீசிய ஆந்தியில் விடுதி மைதானத்து வேப்பமரம் ஒன்று வேரோடு சாய்ந்து, சுற்றுச்சுவரின்மேல் தலைவைத்துப் படுத்துக் கிடப்பதை நம் சங்கத்து அன்பர்கள் அனைவரும் அறிவர். தில்லிக் கோடைக்கு இது புதிதன்று. புழுதிக் காற்று ஒரு மணி நேரம் சுழன்றடித்தால் போதும். மறுநாள் காலையில் தெருவுக்கு ஒரு மரம் கிடக்கும். நம் மரத்தை நாமே சிரமதானமாக அறுத்து அப்புறப்படுத்துவது என்றும், அதற்கென ஒரு சங்கிலி ரம்பத்தை இரண்டு நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பது என்றும் செயற்குழுவில் ஒரு யோசனை எழுந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அது தீர்மானமாக வரும் என்று கேள்வி. அந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். ஏன் எதிர்க்கிறேன் என்பதைக் கூட்டத்தில் மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாது; ஆதலால் இங்கே எழுதுகிறேன்.

சிரமதானத்தை நான் இகழ்வதாக யாரும் எண்ண வேண்டாம். நம்மவர் தமிழ்நாட்டிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து படிக்கும் இடத்தில், பொங்கலுக்குக் கரும்பு கட்டுவதோடு நின்றுவிடாமல் உடல் உழைப்பிலும் முன்னிற்க வேண்டும் என்று நினைப்பது மிக நல்ல நினைப்பே. மண்வெட்டி எடுப்போம், கூடை சுமப்போம், துடைப்பம் பிடிப்போம். மண்வெட்டி தவறினால் கால்விரல் நசுங்கும். ஒரு வாரம் நொண்டி நடக்கலாம். சங்கிலி ரம்பம் தவறினால் நொண்டுவதற்குக் காலே இராது. இரண்டையும் ஒரே பட்டியலில் 'கருவிகள்' என்ற தலைப்பின் கீழ் எழுதியிருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பௌதிகம் படிக்கிறவன் ஒரு ரம்பத்தைக் கண்டு நடுங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். பௌதிகம் படித்ததனால்தான் நடுங்குகிறேன் என்று அவருக்குப் பதில் சொன்னேன். அந்தப் பதிலின் விரிவுரை இது.

இந்த யந்திரத்தின் பிறப்பே சற்று விசித்திரமானது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து வைத்தியர்களான ஜான் எய்ட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும், கடினமான பிரசவங்களில் எலும்பை அறுப்பதற்காகக் கையால் இழுக்கும் சிறு சங்கிலி வாள் ஒன்றைப் பயன்படுத்தினர். மரத்துக்கு என்று வந்தது பிற்பாடு. 1926-ல் ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஷ்டீல் என்பவர் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பத்தை உருவாக்கினார். அதைத் தூக்கிப் பிடிக்கவே இரண்டு ஆள் வேண்டும். 1929-ல் பெட்ரோலில் ஓடுவது வந்தது. எனினும் பற்கள் சரியில்லை, அடிக்கடி மழுங்கின. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து மரவெட்டியான ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவை உற்றுப் பார்த்தார். அதன் தாடை இடமும் வலமுமாகச் சீவிச் செல்வதைக் கண்டு, அதேபோல் இடப்பல் வலப்பல் மாறி மாறி அமைந்த சங்கிலியை 1947-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகமெங்கும் ஓடும் சங்கிலிகள் அந்தப் புழுவின் வழித்தோன்றல்களே. ஆக, இது மரத்தையும் எலும்பையும் ஒரே தரமாக மதிக்கிற யந்திரம். அதனிடம் தயவு தாட்சணியம் எதிர்பார்க்கலாகாது.

இனி அது எப்படி ஆளை அடிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நீண்ட தகடு ஒன்றின் விளிம்பைச் சுற்றிச் சங்கிலி ஓடுகிறது. தகட்டின் மேல் விளிம்பில் நம்மை விட்டு வெளியே ஓடி, நுனியில் வளைந்து இறங்கி, கீழ் விளிம்பில் நம்மை நோக்கித் திரும்புகிறது. கீழ் விளிம்பால் அறுத்தால் யந்திரம் மரத்தோடு தன்னை இழுத்துக்கொள்ளும். மேல் விளிம்பால் அறுத்தால் நம்மைப் பின்னுக்குத் தள்ளும். இவை இரண்டும் சமாளிக்கக் கூடியவை. சமாளிக்க இயலாதது நுனியின் மேற்பாதி. அந்த இடம் ஒரு கட்டையிலோ, பக்கத்துக் கிளையிலோ, மறைந்திருக்கும் ஆணியிலோ பட்டால், பல் சீவ முடியாமல் மாட்டிக்கொள்கிறது. சங்கிலியின் வேகம் அத்தனையும் அந்தக் கணத்தில் யந்திரத்தின்மேல் திரும்புகிறது. தகடு மேல்நோக்கி எழும்பி, வில்லாக வளைந்து, பிடித்திருப்பவனின் தோளையும் கழுத்தையும் முகத்தையும் நோக்கி வருகிறது. தொழில் தெரிந்தவர்கள் இதை 'உதை' என்கிறார்கள். மாடு உதைப்பதுபோல் என்று நினைத்துவிடாதீர்கள். மாடு உதைக்குமுன் காதை மடக்கும், வாலை முறுக்கும். இதற்கு அந்த நாகரிகம் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். முழு விசையில் சங்கிலி வினாடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடும். கண்ணால் கண்ட ஒன்றுக்குக் கையால் மறுவினை செய்ய, ஆரோக்கியமான இளைஞன் ஒருவனுக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது வேண்டும். அந்த நேரத்தில் சங்கிலி 4 மீட்டர் ஓடிவிடும். பதினாறு அங்குலத் தகட்டில் ஓடும் சங்கிலி ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதில் சுமார் 30 பற்கள். அப்படியானால் 'ஐயோ' என்று கை நினைப்பதற்குள் ஏறத்தாழ நூறு பற்கள் ஒரே இடத்தைக் கடந்து சென்றிருக்கும். உதையோ அதற்கும் முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே 'நான் ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொள்வேன்' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஜாக்கிரதை என்பது உதை வந்தபின் காட்டுவதன்று. உதை வராதபடி நுனியை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே அறிந்திருப்பது. அது ஒரு நாளில் வாராது.

யந்திரத்தை இரு கையாலும் பிடிக்க வேண்டும். இடக்கைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். உடல் தகட்டுக்கு நேர்பின்னே இராமல் சற்று இடப்புறம் ஒதுங்கியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தி அறுக்கலாகாது. ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. நல்ல யந்திரங்களில் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். உதை வந்தால் மணிக்கட்டு அதில் மோதி, அல்லது அதன் எடையே முன்னுக்குச் சாய்ந்து, பிரேக் விழுந்து சங்கிலி நின்றுவிடும். அந்தப் பிரேக் உயிர் காக்கும் உறுப்பு. ஆனால் தூசியும் எண்ணெயும் அடைத்து அது வேலை செய்யாமல் போயிருந்தால் வாடகைக்காரர் நமக்குச் சொல்லுவாரா? சோதித்துப் பார்க்க நமக்குத் தெரியுமா? இப்பொழுது கைப்பேசியில் ஒரு விரல் தட்டினால் சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு வாசலில் வந்து இறங்கும் மலிவுச் சாமான்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஒற்றைக் கையால் பிடிக்கும் பேட்டரிச் சிறு ரம்பங்கள் பொம்மை போல் விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஒரு கை ரம்பத்தில், மறு கை அறுபடும் கிளையில்! இந்தப் படத்தை வரைந்தவர் தம் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் வரைந்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

நிற்க. யந்திரம் ஒரு பாதி என்றால், மரம் மறு பாதி. இருக்கும் கிளையையே வெட்டிய காளிதாசன் கதையை வடக்கிலும் தெற்கிலும் குழந்தைகள் சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள். சாய்ந்த மரத்தை அறுக்கப் புகுகிறவன் காளிதாசனை விடப் பெரிய மூடனாக ஆக வாய்ப்புண்டு; ஏனெனில் காளிதாசனுக்குத் தான் எந்தப் பக்கம் விழுவோம் என்பதாவது தெரிந்திருக்கக் கூடியதே.

நிற்கும் மரத்தைக் காட்டிலும் புயலில் சாய்ந்த மரம் அபாயமானது. இது பலருக்கும் நம்பமுடியாத செய்தியாக இருக்கிறது. 'விழுந்துதான் விட்டதே, இனி என்ன விழும்?' என்கிறார்கள். நம் வேப்பமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிமரம் ஒரு புறம் பெயர்ந்த வேர்மண்ணில் ஊன்றியிருக்கிறது. மறு புறம் சுவரில் தாங்கியிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. தன் பாரத்தால் அது வில்லாக வளைந்து நிற்கிறது. வளைந்த தண்டின் மேற்புற நார்கள் நெருக்குண்டு கிடக்கின்றன. கீழ்ப்புற நார்கள் இழுபட்டு விறைத்து நிற்கின்றன. மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால் வெட்டுவாய் மூடிக்கொண்டு தகட்டைக் கவ்விப் பிடிக்கும். கீழிருந்தே முழுதும் அறுக்கத் துணிந்தால், இழுபட்ட நார்கள் படீரென்று பிளந்து கட்டை பாயும். நெருக்குண்ட பக்கத்தில் முதலில் கொஞ்சம் வெட்டி, பிறகு இழுபட்ட பக்கத்தை மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டும் என்பது விதி. இந்த உதாரணத்தில் சுலபமாகச் சொல்லிவிட்டேன். கிளைகள் நான்கு திசையிலும் சுவரையும் தரையையும் ஒன்றையொன்றும் முட்டிக்கொண்டு கிடக்கும்பொழுது எது நெருக்கம், எது இழுப்பு என்று கண்டுபிடிப்பது எந்தப் பரீட்சை வினாவையும் விடக் கடினம். தவறான விடைக்கு மறுபரீட்சை கிடையாது.

அதிலும் வேர்ப்பாகம். தண்டின் பாரம்தான் பெயர்ந்த வேர்க்கட்டியைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறது. தண்டை அறுத்து எடுத்துவிட்டால், மண்ணோடு கூடிய அந்த வேர்க்கட்டி வந்த குழிக்கே சடாரென்று திரும்பி விழலாம். சாய்ந்த நாளிலிருந்து அந்தக் குழியோரம் உட்கார்ந்து படிப்பதும், அதற்குள் நின்று கைப்பேசியில் படம் பிடிப்பதும் நம் விடுதியில் ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. தீர்மானம் நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும், அந்தக் குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம் என்று இப்பொழுதே கேட்டுக்கொள்கிறேன்.

எடையைப் பற்றியும் நமக்குச் சரியான மதிப்பீடு இல்லை. ஒரு அடி விட்டமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கட்டையின் எடை சுமார் 200 கிலோ. ஒரு ஸ்கூட்டரும் அதன்மேல் ஓர் ஆளும் சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. ஆறு மீட்டர் உயரத்திலிருந்து அது விழுந்தால் தரையைத் தொடும்பொழுது மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஸ்கூட்டர் அந்த வேகத்தில் மோதினால் என்னாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். கிளை என்றால் மட்டும் இலையும் பூவும் நினைவுக்கு வருகின்றன. மேலே முறிந்து பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும் கிளைகளுக்கு ஆங்கிலேய நாட்டு மரவெட்டிகள் 'கைம்பெண்ணாக்கி' என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். குரூரமான பெயர்தான், பொய்யான பெயர் அன்று. நம் மரத்தின் பக்கத்து அர்ஜுன மரத்தில் அப்படி இரண்டு கிளைகள் தொங்குகின்றன. செயற்குழுவில் யாராவது அண்ணாந்து பார்த்தார்களா?

இவ்வளவும் எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்தவை அல்ல. என் ஊர் இராமநாதபுரம் மாவட்டம். எங்கள் பக்கத்தில் மழை பொய்த்தாலும் சீமைக் கருவேலம் பொய்க்காது. தில்லிக்கு வந்த புதிதில், இங்கே குன்றுத்தொடர் முழுவதும் 'விலாயதி கீக்கர்' என்று காட்டினார்கள். அருகே சென்று பார்த்தால் நம் ஊர்ச் சீமைக் கருவேலமேதான். ஊரை விட்டு வந்தாலும் முள் விடவில்லை என்று சிரித்துக்கொண்டேன். அங்கே அதை வெட்டி விறகாகவும் கரியாகவும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. என் சித்தப்பா பதினைந்து ஆண்டுகளாக அந்த வேலையில் இருக்கிறார். முன்பு கோடாலி, பிறகு மிஷின். எங்கள் ஊரில் 'மிஷின்' என்று மட்டும் சொன்னால் சங்கிலி ரம்பம் என்றே பொருள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்தபொழுது அவரும் மிஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் வாரக்கணக்கில் அறுத்துவிட்டு வந்தார்.

சித்தப்பா மடித்துக் கட்டிய கைலியும் ரப்பர்ச் செருப்புமாக அறுப்பவர். அவர் காலில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. இதைத்தான் நண்பர்கள் பிடித்துக்கொள்வார்கள்: 'பார், பாதுகாப்பு ஒன்றும் இல்லாமலே பதினைந்து வருஷம்!' என்பார்கள். அவருடைய காலைப் பார்க்கிறவர்கள் கையையும் காதையும் பார்க்க வேண்டும். போன ஜனவரியில் என்னைப் பார்க்கத் தில்லிக்கு வந்திருந்தார். விடியற்காலைக் குளிரில் தேநீர்க் கடையில் நின்றபொழுது அவருடைய இரண்டு கைகளிலும் நடுவிரலும் மோதிரவிரலும் நுனியிலிருந்து இரண்டாம் கணு வரை சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துவிட்டன. கண்ணாடித் தம்ளர் சூடு அவருக்குத் தெரியவில்லை. "ஊர்லயும் மரத்துப் போகும்ப்பா, இப்படி வெளுத்து நான் பார்த்ததில்லையே" என்றார். ஊரின் வெப்பம் அதை மறைத்து வைத்திருந்தது. தில்லிக் குளிர் காட்டிக்கொடுத்துவிட்டது.

இதற்கு 'வெள்ளை விரல்' நோய் என்று பெயர். யந்திரத்தின் அதிர்வு ஆண்டுக்கணக்கில் விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுத்துவிடுகிறது. குளிர் பட்டதும் குழாய்கள் இறுக்கமாகச் சுருங்கி இரத்தம் நின்றுவிடுகிறது. 1918-லேயே அமெரிக்க மருத்துவ அறிஞர் ஆலிஸ் ஹாமில்டன், இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் காற்றுச் சுத்தி பிடித்த கல்தச்சர்களிடம் இதை விவரித்திருக்கிறார். பிறகு பல நாடுகளில் வனத் தொழிலாளரிடம் இது பரவலாகக் கண்டறியப்பட்டதால்தான், கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே ரப்பரோ வில்கம்பியோ வைத்து அதிர்வைத் தணிக்கும் ரம்பங்கள் தோன்றின. அந்த ரப்பர் நைந்துபோனால் மாற்ற வேண்டும். எங்கள் ஊரில் நைந்துபோன ரப்பருக்குப் பதில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றுவார்கள். மரத்துப் போதல் என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். மரம் அறுப்பவனின் விரலே மரமாவதைக் கண்டபின் அந்தச் சொல்லை இலேசாக எழுத வரவில்லை.

காதுக் கதையும் அதுவே. பெட்ரோல் ரம்பத்தின் ஓசை, பிடித்திருப்பவர் காதருகே 100 டெசிபலுக்கும் மேல். 85 டெசிபல் ஓசையில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றும், அதற்குமேல் மூன்று டெசிபல் ஏறுந்தோறும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்குப்படி 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம். 109 டெசிபலுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. சித்தப்பா நாளெல்லாம் அறுக்கிறார். வீட்டில் அவரோடு பேச வேண்டுமானால் முற்றத்தில் நின்று கூவ வேண்டும். 'கோபக்காரக் குடும்பம்' என்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, நாம் இரண்டு நாள் வேடிக்கையாகத் தொட்டுப் பார்க்க விரும்பும் ஒன்று, வேறு சிலருக்கு வாழ்நாள் தண்டனையாக இருக்கிறது. இங்கேயும் அப்படித்தான். நம் வளாகத்தில் மரம் வெட்டும் குத்தகைக்காரர் அனுப்பும் மூன்று தொழிலாளர்களை நான் கவனித்திருக்கிறேன். பீகார்ப் பக்கத்தவர்கள், நம்மைப்போலவே பிழைப்புத் தேடித் தில்லிக்கு வந்தவர்கள். ஒருவர் மரத்தின்மேல், இடுப்பில் தேங்காய்நார்க் கயிறு. ஒருவர் கீழே கயிறு பிடிக்கிறார். மூன்றாமவர் போவோர் வருவோரை 'ஹட்டோ ஹட்டோ' என்று விலக்குகிறார். தலைக்கவசம் இல்லை, காலுக்குக் காப்பு இல்லை. ஒரு தெருவிளக்குக் கம்பிக்குப் பக்கத்தில் கிளை அறுத்த அன்று, மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று மேலே இருந்தவரைக் கேட்டேன். "டேக்கேதார்ஜிக்குத் தெரியும், பாபு" என்று சொல்லிவிட்டு அறுத்தார். டேக்கேதார் அந்த இடத்திலேயே இல்லை. மின்கம்பிக்கு அருகில் மரவேலை செய்கிறவருக்கு மிகப் பெரிய எதிரி ரம்பமன்று, மின்சாரமே என்பதை அந்தக் குத்தகைக்காரர் அறியாதவரா?

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். தில்லியில் மரத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதியின்றி மரம் வெட்டலாகாது. உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து என்றால் வெட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். நல்ல சட்டம், அது மரத்தைக் காக்கப் பிறந்தது, மரம் ஏறுகிறவனைக் காப்பது அதன் வேலை அன்று. தொழிலாளியின் பாதுகாப்புக்கென நாடாளுமன்றம் 2020-ல் இயற்றிய சட்டத் தொகுப்போ, பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தைத்தான் நிறுவனமாக எண்ணுகிறது. மூன்று பேர், ஒரு மிஷின், ஒரு கயிறு என்று இயங்கும் மரவெட்டிக் கூட்டங்கள் இந்தச் சல்லடையில் நழுவிப் போகின்றன. யார் வேலை வாங்குகிறார்களோ அவர்களாகப் பார்த்து வற்புறுத்தினால்தான் உண்டு. இங்கே வேலை வாங்குகிறவர்கள் யார்? விடுதியில் இருக்கும் நாம்தான், ஒரு வகையில்.

எனக்கு மறுப்பாக ஒரு நியாயமான வாதம் உண்டு; அதை மறைக்க விரும்பவில்லை. காப்புக் கால்சட்டை என்று ஒன்று இருக்கிறது. அதன் உள்ளே நீண்ட இழைகள் பல அடுக்காக வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். ஓடும் சங்கிலி துணியைத் தொட்ட கணமே அந்த இழைகள் வெளிவந்து சங்கிலியோடு சுற்றிக்கொண்டு, பற்சக்கரத்தை அடைத்து, யந்திரத்தையே நிறுத்திவிடும். மிக அழகான யுக்தி. கேடயம்போல் எதிர்த்து நிற்காமல், வலைபோல் சிக்க வைக்கிறது. ஆனால் அது குளிர் நாட்டில் பிறந்த உடை. மே மாதத் தில்லியில் 44 டிகிரி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பவனுக்கு ரம்பத்துக்கு முன் வெயிலே எமனாகிவிடுமே என்று நம் சங்கத்து மருத்துவ மாணவர் ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. அதற்காகவே முன்புறத்தை மட்டும் மறைத்துப் பின்புறம் வாரால் கட்டும் வகை இருக்கிறது, காற்றோட்டம் அதிகம். தரையில் நின்று அறுப்பவருக்கு அது ஓரளவு போதும். வேலையை விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். இப்பொழுது நம் வளாகத்தில் குத்தகை ஆட்கள் பத்து மணிக்கு மேல்தான் வருகிறார்கள். காரணம் கேட்டால் அதிகாலையில் ஓசை எழுப்பினால் மாணவர்கள் உறக்கம் கலைந்து புகார் செய்கிறார்களாம்! அந்தப் புகாரை நாம் நிறுத்திக்கொண்டால் போதும், பாதி வெயில் தணிந்துவிடும்.

செயற்குழுவுக்கு என் மாற்று யோசனை இதுதான். ரம்பம் பழகியவர்கள் அறுக்கட்டும்; அறுத்துப் போட்டதைச் சுமப்பது, இலை தழைகளைக் கூட்டி உரக்குழியில் இடுவது, வேலை நடக்கும்பொழுது மரத்தின் நீளத்தைப்போல் இரண்டு பங்கு தூரத்துக்கு அப்பால் கயிறு கட்டிக் கூட்டத்தை விலக்கி நிறுத்துவது ஆகிய மூன்றும் நம் வேலை. இந்த மூன்றாவதை இலேசாக எண்ண வேண்டாம். மிஷின் ஓடும்பொழுது பிடித்திருப்பவருக்குக் காது கேளாது, பின்னால் வருகிறவரைத் தெரியாது. கைப்பேசியை நீட்டிக்கொண்டு பின்னாலிருந்து நெருங்குகிற ஒருவரை விலக்கி நிறுத்துகிறவர், ரம்பம் பிடித்தவருக்குச் சமமான வேலையே செய்கிறார். மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கி வருவதும் நம்மால் ஆகும். தொழிலாளி கேட்டால் தராத அந்தத் தாள், மாணவர் சங்கம் கேட்டால் வரும்.

வாடகைக்கென்று ஒதுக்கிய தொகையோடு, சென்ற பொங்கல் விழாவில் மிஞ்சிய பணத்தையும் சேர்த்து, முகவலையும் காதுமூடியும் இணைந்த தலைக்கவசம் மூன்றும், முன்மறைப்புக் கால்காப்பு இரண்டும் வாங்கி அந்த மூவரிடம் கொடுக்கலாம். இவை குத்தகைக்காரர் கொடுக்க வேண்டியவை, நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று பொருளாளர் கேட்பார், கேட்பது சரியே. குத்தகைக்காரருக்குக் கடிதம் எழுதுவோம், நிர்வாகத்துக்கும் எழுதுவோம். அடுத்த குத்தகை ஒப்பந்தத்தில் இந்தச் சாமான்களை நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுவோம். பதில் வரும் வரைக்கும் அந்த மூவரும் செருப்பணிந்த காலோடு அறுத்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்பதையும் பொருளாளர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கால்காப்பு வாங்குமுன் மூவருடைய இடுப்பளவையும் கால் நீளத்தையும் யாராவது கேட்டு எழுதி வர வேண்டும். நல்ல இந்தி பேசுகிறவர் போனால் நலம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு ஆள் அளவுக்குத் தைத்தவை. தொளதொளவென்று தொங்கினால் அதுவே முள்ளிலும் கிளையிலும் மாட்டும், இரண்டாம் நாளே கழற்றி மரத்தடியில் போட்டுவிடுவார்கள்.